ஆறரை மணிக் கரடி

ஈரச் சாக்கின் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டின் பூனாகலைப் பக்கத்தில், எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நடத்திய டீமேக்கர் ஐயா வீட்டுக்கு டெலிவிஷன் வந்தபோது, லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளின் சேற்றுக்கால் சிமெந்துத் தரையில் பட்டுவிடக் கூடாதென்று அந்த வீட்டம்மா விரித்துப் போட்ட தேயிலைச் சாக்கு அது. அதில் உட்கார்ந்து தும்மித் தும்மித்தான் நான் கரடியைப் பார்த்தேன்.

கரடி என்றால் சித்திரக் கரடி. அப்பனைத் தொலைத்த அந்தக் குட்டி, வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குக் கறுப்பு வெள்ளையில் சிங்களம் பேசிக்கொண்டு மலை மலையாகத் தேடும். பள்ளிக்கூடத்தில் வேறு பேச்சே கிடையாது. கரடி பார்க்காதவனைப் பேன் பிடித்தவனைப் போல ஒதுக்கினார்கள்.

அதே வெள்ளிக்கிழமை, அதே ஆறு மணிக்குத்தான் மாரியம்மன் கோயிலில் பஜனை. ஆர்மோனியம் வாசித்து அதை நடத்தியவர் என் பெரியப்பா; மலையில் கங்காணி, கோயிலில் தலைவர். அவரிடம் பேசப் பிள்ளைகள் என்னை முன்னால் தள்ளினார்கள் என்று எழுத ஆசைதான். உண்மையில் நானே முந்திக்கொண்டு போய், பஜனையை அரை மணி தள்ளி வைக்கச் சொன்னேன்.

"ஆத்தாளக் காக்க வச்சுட்டுக் கரடி பாக்கணுமோ?" என்றார்.

"ஆத்தா இங்கனயேதான இருக்கும் பெரியப்பா. கரடி போயிருமே."

கோயிலில் கூடியிருந்த ஆண்கள் சிரித்துவிட்டார்கள், பெரியப்பாவாலும் அடக்க முடியவில்லை. பஜனை ஆறரைக்குப் போயிற்று. பெண்கள் சிரிக்கவில்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, பஜனை முடிந்து ரொட்டி சுட்டு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்கு ஓடிப் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். நான் வாங்கிய அரை மணி அவர்களுடைய தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்தது. அவர்களில் லெட்சுமி அத்தை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என்னைக் கண்டாலே குடத்தை ஓங்குவார்.

ஐந்தாவது வாரம் எனக்குக் கண் திறந்தது. கரடி நடக்கும்போது பின்னால் ஒரு மொட்டை மரம் போகும், ஒரு பாறை போகும், ஒரு புதர் போகும். பிறகு அதே மொட்டை மரம், அதே பாறை, அதே புதர். விரல்விட்டு எண்ணினேன்; ஒரே நடையில் அந்த மரம் ஆறு தடவை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் நடக்கிற எனக்கு எந்த மரமும் இரண்டாம் தடவை எதிரே வந்ததில்லை. இந்தக் குட்டி அப்பனைத் தேடவே இல்லை, நின்ற இடத்தில் காலை ஆட்டிக்கொண்டு எங்களை ஏய்க்கிறது என்று தெரிந்ததும் அதன் மூஞ்சியைப் பார்க்கவே எரிந்தது.

பக்கத்தில் இருந்த சிவனுவிடம் சொன்னேன். "வெளிய சொன்ன, பல்லு இருக்காது" என்றான். நான் கைவிட்டால் பஜனை மறுபடி ஆறு மணிக்குப் போய்விடும் என்ற பயம் அவனுக்கு. ஆக, மூன்று வாரம் கண்ணை மூடிக்கொண்டு தும்மினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் கூடியிருக்க, லெட்சுமி அத்தை கோயில் வாசலில் மறித்தார். "எங்க தூக்கத்தத் தின்ன கரடிக்கு அப்பன் கெடச்சானாடா?"

சந்நிதியில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல அத்த. அது ஒரே மரத்தத்தான் சுத்துது. எனக்கே புடிக்கல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். இனி ஆறு மணிக்கே வைத்துவிடலாம் என்று பெரியப்பாவுக்கு யோசனையும் சொன்னேன். அவர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார்.

"ஒங் கரடிக்காக ஒருக்கா மாத்துனோம். ஒனக்குச் சலிச்சுப்போச்சுன்னு இன்னொருக்கா மாத்தணுமோ? ஆறரைதான். போயி உக்காரு."

அத்தை தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. நேரம் மாறாவிட்டாலும் சிவனு சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். போனது பால் பல்தான். எப்படியும் விழ வேண்டியது.

அந்தக் குட்டிக்கு அப்பன் கிடைத்தானா என்று எனக்குத் தெரியாது. கிடைத்திருக்கக் கூடாது என்பதே என் விருப்பம்.

போன வருடம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெரியப்பா இல்லை, அத்தை இல்லை, டீமேக்கர் வீட்டுக்குக் கூரையும் இல்லை. கோயிலில் ஆர்மோனியத்துக்குப் பதில் பதிவு செய்த பாட்டு ஓடுகிறது, ஆறரை மணிக்கு. ஏன் ஆறரை என்று பூசைத் தட்டை வைத்திருந்த இளைஞனைக் கேட்டேன்.

"அது ஆத்தா உத்தரவுங்க. அந்தக் காலத்திலருந்தே அப்படித்தான்" என்றான்.

பக்கத்தில், கொழுந்துக் கறை படிந்த விரல்களால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு பெண் கொட்டாவி விட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.