தேதியைத் திருத்திய நாள்

கேமராப் படத்தைப் பதிந்துவைக்கிற பழைய டிவிஆர் பெட்டியை யாராவது கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்போதும் என் முகம் சுளிக்கும். வருகிறவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நாகர்கோவிலில் கேமரா மாட்டுகிற தொழிலில் பாதி ஆயுசு போய்விட்டது. எந்தப் பெட்டிக்கும் நான் பயந்ததில்லை, ஒன்றைத் தவிர.

அது முட்டத்தில் இருந்தது. சாலையைப் பார்த்த முன்னறையில் பலசரக்கும் தங்கூசி நரம்பும் தூண்டில் முள்ளும் விற்கிற கடை, அதற்குப் பின்னால் வீடு. வீட்டுக்காரர் வளைகுடாவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மற்றவர்கள் ஊருக்கு வரும்போது போர்வையும் தைலமும் கொண்டுவருவார்கள். இவர் நாலு கேமராவும் ஒரு டிவிஆரும் கொண்டுவந்தார். 2010இல் அதை மாட்டிக்கொடுத்தவன் நான். பிறகு அவர் தம் பழைய தொழிலுக்கே, கடலுக்கே போகத் தொடங்கினார். கடையை அவர் மனைவி பார்த்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது.

"மக்கா, பெட்டி கீகீன்னு கத்துகு. படம் ஒண்ணும் வரல்ல. ஒண்ணு வந்து பாக்கியா?"

"திருட்டு ஏதாவது உண்டுமா அக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ வா."

மறுநாள் முற்பகல் போனேன். வழக்கம்போல வாசலிலேயே கேலி பேசிக்கொண்டு நுழைந்தவன், சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் நின்றேன். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பாறைக்கூட்டத்துப் பக்கம் வள்ளம் கவிழ்ந்து அவர் போய்விட்டாராம். மத்தியானமே உடல் கரைக்கு வந்துவிட்டதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு நுழைந்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்கா அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அதுக்கு முந்தி மூணு நாளா எங்களுக்குள்ள பேச்சு இல்ல மக்கா. அண்ணைக்கு விடியக்காலத்த சொல்லாமக் கொள்ளாம எறங்கிப் போனாரு. பொறவு கடைக்குள்ள திரும்பவும் செருப்புச் சத்தம். ஒறக்கத்துல கேட்ட மாதிரி ஒரு இது. போன மனுசன் திரும்பி வந்தாரா, இல்ல எனக்க தோணலான்னு தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

திருடனைப் பிடிக்க, கல்லாவில் கை வைத்தவனைப் பிடிக்க, கோழியைக் கொண்டுபோன நாயைப் பிடிக்கக்கூட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு வேலைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. பார்த்துத் தருகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

கோளாறுகள் எல்லாம் சாதாரணமானவை. இழவன்று ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க யாரோ டிவிஆரின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். அந்த இழுப்பில் உள்ளே ஹார்ட் டிஸ்க்கின் கேபிள் கழன்றிருந்தது. அதுதான் அந்தக் கீகீ. டிவியை இடம் மாற்றியபோது மஞ்சள் பின்னைப் படம் வெளியே போகிற ஓட்டையில் செருகாமல், கேமரா உள்ளே வருகிற ஓட்டையில் செருகியிருந்தார்கள். கேமரா ஒயர்களின் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. கடற்கரையில் உப்புக்காற்று எந்த உலோகத்தையும் நிம்மதியாக இருக்க விடாது. இரண்டு கேமரா செத்தேபோயிருந்தன. சுரண்டி, துடைத்து, கேபிளை அழுத்திவிட்டு பட்டனைத் தட்டினேன். சாலையைப் பார்க்கிற கேமராவும், கடையையும் வீட்டு உள்வாசலையும் பார்க்கிற கேமராவும் டிவியில் வந்தன. அக்காவின் முகத்தில் அப்போதுதான் ஓர் உயிர் வந்தது. "இரி, கட்டன்சாயா போட்டுக்கொண்டு வாறேன்" என்று உள்ளே போனார்.

திரையின் மூலையில் 2000 ஜனவரி ஒன்று என்று இருந்தது. கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால் இந்தப் பெட்டிகள் கரண்ட் போகும்போதெல்லாம் அந்தத் தேதிக்கே திரும்பிப் போய்விடும். நம் ஊர் கரண்டுக்கு அது எத்தனை தடவை போய் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதிவுகளெல்லாம் அந்த ஜனவரிக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கூட்டமும் அழுகையுமாக இருந்த பதிவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னால் ஓட்டினேன்.

கிடைத்தது. விடியப்போகிற மங்கல் வெளிச்சத்தில் அவர் கையில் கேனோடு சாலையில் இறங்கிப் போகிறார். சாலை காலியாகிறது. கொஞ்ச நேரத்தில் அதே வழியாகத் திரும்பி வருகிறார். கேனைக் கீழே வைத்துவிட்டு, வீட்டு உள்வாசலின் துணித்திரையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. நாற்பது வினாடி. பிறகு திரையை விட்டுவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த நொடியே அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அடுப்படி பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் எனக்கு வேலையை முழுசாக முடித்து, பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு பவிசு. காப்பி எடுப்பதற்கு முன்னால் தேதியைச் சரிசெய்வது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். தேதி தப்பாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பதிவைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இந்தப் பதிவை எந்த ஸ்டேஷனும் கேட்கவில்லை என்பது என் மூளைக்கு எட்டவில்லை. கை தானாகப் போய்த் தேதியைத் திருத்தியது. பெட்டி ஒருமுறை அணைந்து மறுபடி வந்தது.

முப்பது நாளுக்கு மேலான பதிவைத் தானாக அழித்துவிடு என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிவைத்திருந்தவன் நானேதான். டிஸ்க் நிறைந்து நின்றுவிடக் கூடாதே என்று எல்லாக் கடைக்கும் அப்படித்தான் வைப்பேன். அதன் கணக்கில் ஜனவரி 2000 முடியாமல் இருந்தவரை எதுவும் பழையதாகவில்லை. நான் 2012 என்று சொன்ன உடனே, உள்ளே இருந்த எல்லாமே பன்னிரண்டு வருஷப் பழசாகிவிட்டது. பட்டியலைத் திறந்தேன். ஒன்றுமில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை.

அக்கா சாயாவோடு வந்தபோது என் வாய் தானாகவே பொய் சொன்னது. "டிஸ்க் முன்னாலேயே போயிருக்கு அக்கா. உப்புக்காத்து."

"ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

"நீயும் ஒண்ணும் பாக்கல்லியா?"

"இல்ல அக்கா."

அந்தச் சாயாவைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அப்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டு உண்மையைச் சொல்லியிருந்தால், டிஸ்க்கைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். அழிந்ததை மீட்கிறவர்கள் அங்கே உண்டு. புதுப் பதிவு மேலே ஏற ஏற அதுவும் நடக்காது. இது தெரிந்தே, பெட்டியை ஓடவிட்டு வந்தேன். என் தப்பை அந்தப் பெட்டியே மூடிவிடட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஊருக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னவன் அதை இனி எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு முட்டத்துப் பக்கம் வந்த வேலைகளையெல்லாம் வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டேன். ஆனால் திரையைப் பிடித்து நின்ற அந்த மனுஷர் என்னை விடவில்லை. எந்தக் கடையில் பழைய பதிவை ஓட்டினாலும் என் கண் முதலில் உள்வாசலுக்குப் போகும். அங்கே யாராவது முதுகைக் காட்டி நின்றால் பதிவை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஓட்டுவேன். காலையில் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பினால் என் மனைவியை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போவேன். "போறவரு போக வேண்டியதுதானே, எதுக்கு மனுசிய எழுப்புதீயோ?" என்று திட்டுவாள். திட்டு வாங்கிக்கொண்டு போவது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நாலு வருஷம் கழித்து அக்கா மறுபடியும் கூப்பிட்டார். புதுக் கேமரா மாட்டவேண்டுமாம். எத்தனை சாக்குச் சொல்லியும் விடவில்லை. போனேன். பழைய டிவிஆர் அதே இடத்தில் இருந்தது. அதைக் கழற்றப் போன என் கையை அக்கா தடுத்தார்.

"அண்ணைக்கு நீ போன பொறவு நான் இதைப் போட்டுப் பாத்தேன் மக்கா. முன்ன நீ மாட்டித் தந்தப்போ மவுஸை உருட்டினத பாத்துப் படிச்சிருந்தேன். அவருக்க மூஞ்சியப் பாக்கணும்னு போட்டேன். உனக்க மூஞ்சிதான் இருந்தது."

தேதியைத் திருத்திய கணத்திலிருந்து பெட்டி புதிதாகப் பதியத் தொடங்கியிருக்கிறது. கடைக்குள் இருந்தவன் நான்.

"நீ எழும்பி நிக்க. தலையில அடிச்சுக்கிடுக. அடுப்படியத் திரும்பித் திரும்பிப் பாக்க. ஒண்ணும் பாக்காதவன் எதுக்குத் தலையில அடிச்சுக்கிடணும்? நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நாலு வருசம் பாத்தேன்."

"அக்கா, நான்தான் அழிச்சேன்."

"அது கெடக்கட்டு. வந்தாரா?"

"வந்தாரு."

நாற்பது வினாடியையும் சொன்னேன். கேனைக் கீழே வைத்ததை, திரையை ஒதுக்கிப் பிடித்த கையை, முதுகை. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அக்கா உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"கூப்பிட்டாரா?"

"சத்தம் பதியாது அக்கா. மூஞ்சியும் தெரியல்ல."

"கூப்பிடல்ல மக்கா" என்றார். "கூப்பிட்டிருந்தா எழும்பியிருப்பேன். நான் கண்ண மூடிக்கிட்டு முழிச்சுத்தான் கெடந்தேன்."