கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா

ஜெரோம் தயங்காமல் பேசுகிற இங்கிலீஷ் சொல் ஒன்றுதான்: அட்ஜஸ்ட். ரெட்டியார்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு அது ஒன்று போதும். நாலு பேர் சீட்டில் ஆறாவது ஆளைத் திணிக்கும்போதும் அதுதான், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத சோற்றை மகள்கள் முறைக்கும்போதும் அதுதான். நகரச் சொன்னால் சண்டைக்கு வருகிற சனம், இந்தச் சொல்லுக்கு மட்டும் முனகிக்கொண்டே இடம் விடும். நாமெல்லாம் அப்படிப் பழகிவிட்டோம்.

காலையில் பூச்சந்தைக்குப் போகும் பெண்கள்தான் அவனுடைய வாடிக்கைச் சவாரி. மல்லிகை மொட்டு நெரிபட்டால் கசங்கிவிடும், வெயில் பட்டால் விரிந்துவிடும். அப்புறம் சந்தையில் ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். அதனால் பூ மூட்டைக்கு உள்ளே இடம், ஆளுக்கு ஓரத்தில் இடம். அதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. அன்றைக்கு ஓரம் பொன்னழகுக்கு வந்தது. அரை ஏக்கரில் பூப் போட்டுப் பிழைப்பவள், யாரையும் எதிர்த்துப் பேசாதவள்.

"ஒரு காலு வெளிய தொங்குது தம்பி."

"செத்த நேரந்தேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா."

பள்ளத்தில் ஆட்டோ குலுங்கியதும் அவள் ரோட்டில் விழுந்தாள். பின்னால் வந்த வேன் அவள் காலில் ஏறியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே நின்றார். ஜெரோம் கால்மாட்டில் நின்றான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினான் என்று அவள் சொன்னால் லைசென்ஸ் போகும், வண்டி போகும், வீட்டில் அடுப்பு எரியாது.

பொன்னழகு அவனைப் பார்த்தாள். "தம்பி மேல தப்பு இல்ல சார். நாந்தேன் கம்பியச் சரியாப் பிடிக்கல."

"அப்படியாய்யா?" என்று போலீஸ்காரர் அவன் பக்கம் திரும்பினார்.

உண்மையைச் சொல்ல அவனுக்கு அப்போது நேரம் இருந்தது. படுபாவி, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பூ மூட்டைகள் வழக்கம்போல உள்ளே ஏறின. அந்தச் சொல்லை இனி வாயில் எடுப்பதில்லை என்று மாதா கோவிலில் நேர்ந்திருந்த ஜெரோம், மூட்டைகளை அடுக்கி முடித்தான். அவன் சொல்லாமலே பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். கடைசியாக ஏறியவள் ஜீவிதா, பொன்னழகின் மகள். காலேஜை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டாள்.

"மூட்டையத் தள்ளிட்டு உள்ள உக்காரு பாப்பா" என்றான்.

"பூ கசங்கிரும் மாமா. எங்கம்மா உக்காந்த எடந்தான, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நேரமாகிறது என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள். ஜெரோம் வண்டியைக் கிளப்பினான்.