பத்துக் கேள்வி சிஸ்டர்

எங்கள் கல்லூரி மருத்துவமனை என்றதும் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாட்டு மைதானத்தை ஒட்டி இரண்டு அறை, அவ்வளவுதான். ஒன்றில் நான் மருந்து கொடுக்கிறேன். இன்னொன்றில் நர்ஸ். தலைவலியோ சுளுக்கோ, எதற்கு வந்தாலும் சரி, குடி, போதை மாத்திரை, கஞ்சா என்று பத்துக் கேள்வி கேட்டு, பதிலை மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறிக்காமல் விடமாட்டார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் பத்துக் கேள்வி சிஸ்டர்.

"கால்ல ஆணி குத்தினதுக்கும் குடிக்கிறதுக்கும் என்ன சிஸ்டர் சம்பந்தம்?" என்று ஒருவன் அலறினான்.

"நான் கட்டுப் போடுற வரைக்கும் சும்மாதானே படுத்திருக்கப்போறே? பதில் சொல்லு ராசா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே வரிசை நீளும், வசவு எனக்கு விழும். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது. திட்ட மாட்டார், வீட்டுக்குப் போன் போட மாட்டார், முதல்வரே வந்து கேட்டாலும் பெயரைச் சொல்ல மாட்டார். அந்த ஆணிக்காரன் கால் ஆறின பிறகும் வாராவாரம் வந்தான். "வாரத்துல நாலு நாள் குடிச்சது ரெண்டாச்சு சிஸ்டர்" என்பான். பரீட்சையில் முதலாவதாக வந்தவனைப் போல அவன் முதுகில் தட்டுவார். எனக்கு அந்த மனுஷியைப் பிடித்துப்போனது அப்படித்தான்.

போன மாதம் அவருடைய மகள், இங்கேயே இரண்டாம் வருஷம் படிக்கிறவள், வீங்கின மணிக்கட்டோடு வந்தாள். படியில் வழுக்கிவிட்டாளாம். சிஸ்டர் ஐஸ் வைத்தார், கட்டுப் போட்டார், சீட்டை என்னிடம் நீட்டினார். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் காலி.

"என்ன சிஸ்டர் இது?"

"நம்ம பொண்ணு சார்! அவகிட்ட போய்..."

சிரித்தார். மகள் சிரிக்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நீங்க கேளுங்க சார்" என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

கேட்டேன். நாலாவது கேள்வியில் அழுதுவிட்டாள். தூக்கம் வரவில்லை என்று யாரோ கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்ததாம். இப்போது கூடவே குடியும். எப்படியோ பத்தையும் கேட்டு முடித்தேன். சாயங்காலம் டாக்டர் வந்ததும் பார்க்க முதல் ஆளாக அவள் பெயரை எழுதினேன்.

"அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா மாமா?"

"சொல்ல மாட்டேன்மா. இங்க யாரைப் பத்தியும் யார்கிட்டயும் சொல்றதில்ல. அப்படி வச்சதே உங்கம்மாதான்."

கதவைத் திறந்தேன். சிஸ்டர் சுவரோரம் நின்றிருந்தார். மகள் தாண்டிப் போகும்போது அவள் கையிலிருந்த கட்டின் நுனியை மட்டும் சரிசெய்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவனைக் கூப்பிட்டார்.