றமீஸ் கதிரை வேண்டாம் என்றான்

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் காரைதீவுச் சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது பக்கத்து ஊரான சாய்ந்தமருதின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் போனது. தகப்பனின் பெயர் முதலில் வந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. "சவுண்ட் சேர்விஸ் றமீஸ்" என்று பாங்கு சொல்லும் மோதினார் சேர்த்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. நெஞ்சு வலியாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்த ஒலிபெருக்கியைப் பூட்டியவனும் அவன்தான். ஒரு சொல்லும் சிதையாமல் கேட்டது. அதற்காக அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

நானும் அவனும் கூட்டாகத்தான் அந்தத் தொழிலைச் செய்தோம். வயர் இழுப்பது நான், இசைப்பது அவன். தமிழ்-முஸ்லிம் குழப்பங்கள் தொடங்குமுன் அவன் அறுகம்பேயில் ஒரு விடுதியில் வேலை செய்தான். அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊர் திரும்பும்போது தாளம் போடும் மின்பெட்டி ஒன்றை அவனுக்கு விட்டுச் சென்றான். அதை ஓர்கனோடு பொருத்தி, பாடகன் இல்லாமல், தாளம் மட்டுமே ஓடும் ஆட்ட இசையை றமீஸ் தானே உண்டாக்கினான். கடற்கரையில் ஆடிய வெள்ளைக்காரர் யாரும் வாசிப்பவனைப் பார்ப்பதில்லை என்பது அவனுக்குப் பெரிய கண்டுபிடிப்பு.

"வாசிக்கிறவனப் பாக்கிற என்னத்துக்கு மச்சான்? அவன் என்ன மாப்பிள்ளையா? சத்தத்துக்குள்ள நிக்கணும். மிச்சத்தக் கால் பாத்துக்கொள்ளும்" என்பான்.

குழப்பங்களுக்குப் பிறகு எங்கள் இரண்டு ஊரும் ஒரே பந்தலில் கூடுவது நின்றுபோனது. அதனால், சில வருடம் கழித்து இரண்டு ஊர் இளைஞர் கழகங்களும் சேர்ந்து விழா எடுக்க முன்வந்தபோது, றமீஸ் ஓடிப்போய்த் தன் இசைக்கு ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கினான். பொழுதுபடுமுன் எல்லாரும் வீடு சேர வேண்டிய காலம். ஆகவே நிகழ்ச்சி பின்னேரம் நான்கு மணிக்கு, மண்டை வெடிக்கும் வெயிலில். ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தான், கதிரை போடக் கூடாது.

"கதிரை போட்டா ஊர் பிரியும். இந்தப் பக்கம் உங்கட ஆக்கள், அந்தப் பக்கம் எங்கட ஆக்கள், முன்னுக்குப் பெரிய மனிசர். எல்லாரும் நிண்டா ஆர் ஆரெண்டு தெரியாது" என்றான்.

சனம் வந்தது. வெறும் மைதானத்தைப் பார்த்தது. "பாவம், கதிரை லொறிய ஆமிச் சென்றியில மறிச்சிப் போட்டாங்களாக்கும்" என்று யாரோ சொல்ல, அது பரவிவிட்டது. நல்ல மனிதர்கள் அல்லவா, வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு கதிரை தூக்கி வந்தார்கள். அவரவர் ஊர்ப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு இடைவெளி. மேடையில் றமீஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு இசையைத் தொடங்கினான். தொடக்கத்தில் மெட்டு இல்லை, அடிவயிற்றில் இறங்கும் தனி அடி மட்டும். பெரிய ஸ்பீக்கரிலிருந்து இரண்டாவது அடி விழுந்ததும் "ஷெல்!" என்று யாரோ கத்தினார்கள். கதிரைகள் உருண்டன. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சனம் ஓடியது. எங்கள் கரையில் அந்த ஓசைக்கு அப்போது வேறு அர்த்தம் இருக்கவில்லை.

றமீஸ் பெட்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். மதிலோரம் குந்தியிருந்த கொஞ்சப் பேர்தான் மிச்சம். ஸ்பீக்கரை அவர்களருகே இழுத்துச் சென்று, "கை வெச்சுப் பாருங்க. சின்னச் சத்தத்தில இருந்து தொடங்கிறன். பயமெண்டாச் சொல்லுங்க, நிப்பாட்டிருவன்" என்றான். முதலில் வந்தவர் எங்கள் ஊர்த் தங்கேஸ்வரி அக்கா. ஷெல் வீச்சில் புருசனைப் பறிகொடுத்தவர். அவர் கை வைத்ததைப் பார்த்து சாய்ந்தமருது மீன்காரர் ஒருவரும் கை வைத்தார். பிறகு மற்றவர்கள்.

அக்கா மற்றக் கை விரலை மடித்து அடிகளை எண்ணினார். "ஷெல் இப்பிடி ஒழுங்கா வராது தம்பி. இதில அடுத்தது எப்ப வருமெண்டு தெரியிது" என்றார். றமீஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினான். ஒருவரும் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கலியாண வீடுகளில்கூட முதலில் சனத்தை ஸ்பீக்கரருகே கூப்பிடுவான். "முதல்ல சத்தத்தப் பழக்கணும், மறுகாதான் ஆட்டம்" என்பது அவன் வாய்ப்பாடம். ஆனால் அவன் மனம் அந்த மைதானத்திலேயே கிடந்தது. இன்னொரு முறை இரண்டு ஊரையும் கூட்டித் தாருங்கள் என்று வருடா வருடம் இரு பக்கமும் கேட்டுப் போனான். இரு பக்கமும் "காலம் சரியில்ல" என்றே சொன்னார்கள். இந்த ஒன்றில் மட்டும் இரண்டு ஊருக்கும் நல்ல ஒற்றுமை.

விழா நடந்த அந்தப் பின்னேரம், சனம் விட்டு ஓடிய கதிரைகளை லேண்ட் மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் திரும்பினோம். றமீஸ் கேட்டான்:

"மச்சான், ஆரும் ஆடினாங்களா?"

"இல்ல."

"கை வெச்ச ஆக்கள் மறுகா ஓடினாங்களா?"

"இல்ல."

"இண்டைக்கு இது போதும்."

அவனை அடக்கம் செய்த பிறகு வீட்டுக்குப் போய் அவன் உம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவனுடைய சாமான் எதுவும் நான் கேட்கவில்லை. "இண்டைக்கு" என்று அவன் சொன்ன அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறேன். இன்னொரு நாள் வரும் என்று நம்பியவன் சொன்ன சொல் அது. அவனைத் தெரிந்தவர்களே, அந்த நாளை நாம் இரண்டு ஊராரும் சேர்ந்து அவனுக்குக் கொடுக்காமல் விட்டோம்.