சோற்றில் மறந்த நஞ்சு

பூச்சியைக் கொல்லும் பங்கசை, அதாவது பூஞ்சணத்தை, வளர்ப்பவனுக்கு, அது செழிப்பாக வளரும்போதுதான் கவலை பிடிக்கும். கோழியோ நாற்றோ, எதையாவது உயிரோடு காப்பாற்றும் பொறுப்பில் நித்திரை கெட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

போத்தல்

தொண்ணூறுகளின் தொடக்கம். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி, மருதனார்மடத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையை ஆய்வுகூடம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போர்க்காலத் தடையால் குடாநாட்டுக்குள் பூச்சிமருந்து வருவது நின்றிருந்தது. நீர்வேலிக் கந்தையா அண்ணையின் தோட்டத்தில் கூன்வண்டு கிழங்கைக் குடைய, குலை தள்ளிய வாழைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அந்த வாழைகளை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. என்னைத் தேடி வந்தவரிடம், சோற்றில் வளர்த்த வெள்ளைப் பங்கசைப் போத்தலோடு நீட்டினேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

“உந்தப் பழுதாப்போன சோத்துக்கே தம்பி, இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்தனான்?”

சொகுசு

தோட்டத்தில் பூசியும் வண்டு சாகவில்லை. சில வண்டுகளைப் பிடித்துவந்து ஆய்வுகூடத் தட்டில் விட்டுப் பார்த்தேன். முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரிப் பங்கசைப் பூசிக்கொண்டு சுகமாக நடந்து திரிந்தன.

வண்டின் உடலுக்குள் போனதும் நஞ்சைச் சுரக்க வேண்டிய பங்கசு அது. அதற்கான மரபணுக்கள் எங்கும் போய்விடவில்லை. போத்தலுக்குப் போத்தல் மாற்றிச் சோற்றிலேயே வளர்த்ததில் அடங்கிப்போயிருக்க வேண்டும். அங்கே எதிர்க்க யாருமில்லை. நஞ்சு செய்வது வீண்செலவு. இதையெல்லாம் என்னோடு வேலை செய்த குருநகர் பிலோமினா அக்காவுக்கு விரிவாக விளக்கினேன். அவர் தட்டுக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“இருந்த இடத்திலை சோறு கிடைச்சால் சேர், ஆர் சண்டைக்குப் போவினம்?”

விரதம்

ஒரு வழிதான் இருந்தது. உயிருள்ள வண்டுகளில் பங்கசைத் தொற்றவைத்து, ஒன்றிரண்டாவது செத்தால் அந்த உடலிலிருந்து அதைத் திரும்ப எடுக்க வேண்டும். அப்படி எடுத்தது மறந்த தொழிலைச் செய்யக்கூடும். செய்யாமலும் போகலாம்.

அதற்கு வேண்டிய அளவு வண்டு கந்தையா அண்ணையின் தோட்டத்தில்தான் இருந்தது. அவரோ கந்தசஷ்டி விரதம். எறும்பைக்கூட மிதிக்காமல் நடப்பார். எப்படிக் கேட்பது என்று நான் தவிக்க, மரங்கள் சரிந்துகொண்டே இருந்தன. கடைசியில் சொல்லியனுப்பினேன். வாழைத்தண்டுத் துண்டுகளுக்குள் வண்டுகளைப் பத்திரமாக வைத்து, ஒரு தகர ரின்னில் அவரே கொண்டுவந்தார்.

“நான் உயிரோடைதான் தாறன் தம்பி. மிச்சம் உங்கடை பங்கசுக்கும் முருகனுக்கும் இடையிலை.”

பங்கர்

அந்தக் கிழமை குண்டுபோடும் பொம்மர் விமானம் வந்தது. பிலோமினா அக்கா வண்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் குதித்தார். அந்தத் தட்டுப் போனால் கந்தையா அண்ணையின் தோட்டமும் போய்விடும் என்று நான் உள்ளே அதன்மேல் கவிந்து கிடந்தேன். கூடப் பதுங்கியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன உது?” என்றார். சாகப்போகிற வண்டுகள், ஆனால் பங்கசால்தான் சாக வேண்டும் என்றேன்.

“நல்லது. எங்களுக்கும் உப்பிடி ஒரு ஆள் கவலைப்பட்டால் காணும்.”

மூட்டு

வண்டுகள் செத்தன. பட்டினியாலா, பங்கசாலா? ஈரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பங்கசு கொன்றிருந்தால் அது உடலுக்கு வெளியே முளைக்க வேண்டும். ஒரு காலை, செத்த வண்டின் கால்மூட்டுகளில் வெள்ளையாகப் பஞ்சு கிளம்பியிருந்தது.

அதிலிருந்து எடுத்த கொஞ்சத்தை வாழைத்தண்டில் பூசி, தோட்டத்தின் ஒரு மூலையில் நிழலாக வைத்தோம். சில நாள் கழித்துக் கந்தையா அண்ணை தண்டைப் புரட்டினார். அடியில் வண்டுகள் வெள்ளை பூத்துக் கிடந்தன. அவர் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

“இது ஒரு மூலைக்குத்தான் காணும். முழுத் தோட்டத்துக்கும் வேணும் தம்பி. அரிசி நான் தாறன், உந்தச் சீவனைப் பட்டினி போடாதையுங்கோ.”

அவ்வளவு பங்கசு வளர்க்க எனக்கும் சோற்றை விட்டால் வேறு கதியில்லை என்பதால், கொல்லக் கற்றுக்கொண்டதை மறக்கடிக்கும் வேலையை அன்று பின்னேரமே தொடங்கினேன்.