வலியசாலைக்கு வந்த கணவாய் முட்டைகள்

2024 பிப்ரவரி 4, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். குளியல், சந்தியாவந்தனம், காப்பி. கிழக்கேகோட்டைச் சந்தையில் நுனி ஒடித்துப் பார்த்து வெண்டைக்காய் வாங்கி வந்தேன். காய்களைப் பிரித்து வைப்பதற்குள் கூடத்தில் கடல் வந்து இறங்கியது.

கடலுயிரியல் படிக்கும் என் மகள் கண்ணாடித் தொட்டியோடு வந்தாள். கல்லூரியில் திங்கள் மாலைவரை மின்சாரம் கிடையாதாம். தொட்டிக்குள் ஒரு கயிற்றுத் துண்டு. அதில் வெள்ளை அவரைக்காய்களைக் கொத்தாக ஒட்டியதுபோல் முட்டைகள். விழிஞ்ஞம் கடலில் பாறையோரம் வாழும் சின்னக் கணவாய் இட்டது. இட்டதோடு தாயின் கடமை முடிந்தது. காவலுக்கு இப்போது நாங்கள். இவை செத்தால் மகளுடைய ஆய்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

"முட்டைக்குள்ளயே நிறம் மாத்தக் கத்துக்கும்பா. வளர்ந்தா, ஆண் கணவாய் பெண் இருக்கிற பக்கம் ஒரு நிறம், எதிரி இருக்கிற பக்கம் வேற நிறம், ரெண்டையும் ஒரே நேரத்துல காட்டும்" என்றாள் மகள்.

"நம்ம தெருச் சங்கத் தலைவர் மாதிரின்னு சொல்லு" என்றாள் என் மனைவி.

தலைவர் மாமா அப்போதே வாசலில் நின்றார். கையில் செம்பு, அடுத்த வீட்டில் தீட்டுக் கழிக்கச் செய்த புண்யாகவாசனத்தில் மிஞ்சிய மஞ்சள் ஜலம்.

"என்ன ஓய், அக்ரஹாரத்துல மீனா?"

"மீன் இல்லை மாமா, நத்தை ஜாதி" என்றாள் மகள், சமாதானமாக.

"அது அதைவிட மோசம், கேட்டோ!"

கூடத்தில் தெளித்தார். சுவரில் தெளித்தார். என் தலையிலும் தெளித்தார். பிறகு தொட்டிமேல் செம்பைச் சாய்த்தார். மகள் பாய்ந்து இரண்டு கையாலும் மறைத்தாள்.

"மாமா! இது பட்டா செத்துப்போயிடும்!"

"புண்ய ஜலம் பட்டா சாவா? மோட்சம்னா கிடைக்கும்!"

"அதான் மாமா பயமே."

நான் குறுக்கிட்டேன். "மாமா, ஆடி அமாவாசைக்கு நாம எங்க ஸ்நானம் பண்ணினோம்?"

"சங்குமுகத்துல."

"அது தீர்த்தமா இல்லையா?"

மாமாவின் முகம் சிவந்தது, வெளுத்தது, மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. "சமுத்திரம் தீர்த்தம்தான். ஆரு இல்லேன்னா?"

"அப்ப தொட்டி நிறையத் தீர்த்தம்தான்."

செம்பு நிமிர்ந்தது. "பின்னே தீர்த்தத்தைப் பழசாக விடப்படாது. தினம் மாத்தணும். என் கார்லயே போலாம்."

தண்ணீர் மாற்ற வழி தெரியாமல் தவித்த மகள் பரம பக்தையாகத் தலையாட்டினாள். சத்தம் கேட்டு வாசலில் கூடியிருந்தவர்களிடம் மாமா, "ஒண்ணுமில்லை, இவாத்துல சமுத்திர தீர்த்தம் வச்சிருக்கா" என்று சொல்லிப் போனார். கணவாய் பற்றி மூச்சில்லை.

மாலையில் மகள் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். முட்டைக்குள் குஞ்சுகள் பழுப்புப் புள்ளி காட்டி, மறைத்து, பழகிக்கொண்டிருந்தன.

திங்கள் காலை முதல் வேலை, காப்பிக்கும் முன்னால்: சங்குமுகத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று மாமா மந்திரம் சொல்லிச் சொல்லிக் கேனில் மொண்டார். மணல் சேராமல் நான் கேனின் வாயில் துணி கட்டிப் பிடித்தேன்.