தம்பியின் நோட்டில் எழுதாமல் விட்டது

1936 ஜூன் 18 என்று தேதியிட்ட ஒரு சீட்டு என்னிடம் இருக்கிறது. என் தம்பிக்கு நீரிழிவு என்று உறுதியான அன்று சேலத்து டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. அதில் நான்கு கட்டளைகள். முதல் மூன்றும் இன்சுலின் ஊசி போடும் வேளை, சாப்பாட்டின் அளவு, சிறுநீரைச் சோதிக்கும் முறை பற்றியவை. நான்காவது: ஊசி போட்டுக்கொண்டவனுக்கு வேர்த்துக் கை நடுங்கிப் பேச்சுக் குழறினால், உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. அதைத் தமிழில் பெயர்த்து ஒரு நீள நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவைத்தேன். ஆறு வருஷம் நாள் தவறாமல் அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் அன்றன்றைய கணக்கை எழுதினேன்.

தம்பிக்கு அப்போது பதினெட்டு வயது. இண்டூரில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்தான். அப்பா அம்மா இல்லாத வீடு. எனக்கு அதே ஊரில் போர்டு ஸ்கூல் வாத்தியார் வேலை. ஊசியை அவனே தொடையில் போட்டுக்கொள்வான். காலையில் சிறுநீரைச் சோதிப்பது என் வேலை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏற ஏறச் சர்க்கரை அதிகம். நிறத்தை எழுதுவேன், ஊசியின் அளவை எழுதுவேன், எத்தனை உருண்டைக் களி சாப்பிட்டான் என்றும் எழுதுவேன்.

இந்த ஆறு வருஷத்தில் இரண்டு முறை அவனுக்கு வேர்த்து நடுங்கியது. இரண்டு முறையும் வெல்லம் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "ஏண்ணா, இன்னொரு லோட்டா இருக்குதா?" என்று கேட்டான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

கால் எரிச்சல் 1940 தை மாதம் தொடங்கியது. முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றான். அதையும் எழுதினேன்.

"எறும்புன்னு மட்டும் எழுதிக்கினா போதுமா? கட்டெறும்பா, சுள்ளெறும்பான்னு எழுதிக்கோணா. நாளைக்கு டாக்டரு கேட்டா என்ன சொல்லுவ?" என்று சிரித்தான்.

அடுத்த வருஷம் சிரிப்பு நின்றுவிட்டது. பாதம் இரண்டும் தணலில் வைத்ததுபோல் எரிகிறது என்பான். வேட்டி விளிம்பு பட்டால் துடிப்பான். ஆனால் அதே காலில் உணர்ச்சியும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தான். மற்றது எங்கே கழன்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. தையல் மெஷினின் மிதியைக் கண்ணால் குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் மிதித்தான். நரம்பு கெட்டிருக்கிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது தவிர வேறு மருந்து இல்லை என்று சேலத்து டாக்டர் சொன்னார். மிதி ஓடினால்தான் தம்பிக்குப் பிழைப்பு. அதற்குமுன் வருஷம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

கஞ்சாவைக் கொண்டுவந்தவர் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து புளி ஏற்றிவரும் வண்டிக்காரர். எங்கள் வீட்டை ஒட்டிய புளிமண்டியில் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தம்பியின் கடையில் வந்து உட்காருவார். ஜில்லாவில் அப்போது மதுவிலக்கு. கஞ்சாவும் அதில் சேர்த்தி. துணியில் முடிந்து மடியில் வைத்திருப்பார். 1942 ஆடி மாதம் அவர் தம்பியின் நிலையைப் பார்த்துவிட்டு, "இத ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க தம்பி. காலு ஒங்க காலுதானான்னு சந்தேகம் வந்துரும்" என்றாராம்.

பலித்தது. அதை நான் மறைக்கமாட்டேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பி விடியும்வரை தூங்கினான். எரிச்சல் போய்விடவில்லை, தள்ளி நிற்கிறது என்று அவனே சொன்னான். பக்கத்து வீட்டில் யாரோ அழுகிறமாதிரி இருக்கிறது என்றான். மிதியும் ஓடியது. தீபாவளித் துணி தைக்க ஒப்புக்கொண்டான்.

கூடவே பசியும் வந்தது. ஒரு உருண்டைக் களி சாப்பிடுகிறவன் மூன்று கேட்டான். குழாயில் செங்கல் நிறம் தொடர்ந்து வந்தது. ஆவணியில் நோட்டை எடுத்துக்கொண்டு சேலம் போனேன். டாக்டர் நிறங்களைப் பார்த்தார், களிக் கணக்கைப் பார்த்தார், "ஏன் இப்படிச் சாப்பிடுகிறான்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். காலையில் எட்டு யூனிட் கூட்டி எழுதினார்.

கஞ்சாவைப் பற்றி நோட்டில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. மழை பெய்ததையும், மெஷினுக்கு எண்ணெய் போட்டதையும் எழுதியவன் அதை எழுதவில்லை. போர்டு ஸ்கூல் வாத்தியார் வீட்டில் கஞ்சா என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். டாக்டரிடம் சொல்லாததற்கும் அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஐப்பசி மாதம் முதல் வாரத்தில் தம்பிக்கும் எனக்கும் சண்டை வந்தது. பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார் ஒருவர் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன சாமியாராயிட்டீங்களா?" என்று கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்து தம்பியிடம் கத்தினேன்.

"மூணு மாசம் தூங்கினேன், அது ஒனக்குப் பொறுக்கல" என்றான்.

"என் வேல போச்சுன்னா ஒன் ஊசிய யாரு வாங்கறது?"

"சரி, வுட்டுடறேன் போ" என்றான். நான் நம்பவில்லை.

அதற்கு அடுத்த நான்கு நாட்களின் குறிப்பு இப்படி இருக்கிறது: பச்சை. பச்சை. நீலம். நீலம். களி ஒன்றரை, ஒன்று, ஒன்று, அரை. கடைசி நீலத்துக்குப் பக்கத்தில் 'நன்று' என்று எழுதியிருக்கிறேன். நல்ல கையெழுத்து. ஊசியின் அளவு குறைக்கப்படவில்லை.

அந்த நான்காவது நாள் பகல் பதினொன்றரை மணிக்குத் தம்பியின் மனைவி பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்தாள். "மாமா, அவரு ஒரு மாதிரியா இருக்காருங்க. தைக்கற துணியெல்லாம் கோணக்கோணலா ஓட்டறாரு. கேட்டா சிரிக்கறாரு."

போய்ப் பார்த்தேன். மெஷினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "வாத்தியாரு வந்துட்டாரு, எந்திரிங்க, எந்திரிங்க" என்று குழறிச் சிரித்தான். கையைப் பிடித்ததும் உதறித் தள்ளினான். கடையில் கஞ்சா வாடை இருந்தது. ஆனால் மூன்று மாதமாக அந்தத் துணிகளில் எப்போதும் அந்த வாடைதான்.

அவன் மனைவி உள்ளே போய் ஒரு கட்டி வெல்லத்தோடும் லோட்டாவோடும் வந்தாள்.

வண்டிக்காரர் மண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயோ, வெல்லம் வேணாம்மா! போத ஏறிக் கெடக்குது. இனிப்பு குடுத்தா நேரா மண்டைக்குப் போவும். புளியக் கரைச்சு ஊத்துங்க வாத்தியாரே, தெளிஞ்சுரும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கஞ்சா மயக்கத்துக்குப் புளிப்பு கொடுப்பதும் இனிப்பை விலக்குவதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. தம்பிக்கே ஆடி மாதம் ஒரு முறை அப்படி ஊற்றித் தெளிந்திருக்கிறது.

"மாமா, இது ஊசி மயக்கமா இருக்கப்போவுது... அவரு நாலு நாளா கஞ்சாவத் தொடலீங்களே" என்றாள்.

"எனக்குத் தெரியும். வெல்லத்த உள்ள வெய்யி" என்றேன்.

எனக்குக் கோபம். ஏமாற்றிவிட்டான் என்ற கோபம். அவள் நின்றாள். நான் இன்னொரு முறை சொன்னேன். உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

புளிக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. ஒரு கைப்பிடி கரைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, வாயில் ஊற்றினோம். பாதி வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் திமிறுவது நின்று படுத்துவிட்டான். "பாத்தீங்களா, தெளியுது" என்றார் வண்டிக்காரர். தூங்கட்டும் என்று போர்த்திவிட்டு, மதிய வகுப்புக்குத் திரும்பிப் போனேன். அன்று ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு.

மூன்றரை மணிக்கு மறுபடி ஆள் வந்தது. அவனுக்குக் கை கால் இழுத்தது. பல் கிட்டித்திருந்தது. அப்போது வெல்லத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது. கரி வாயுவில் ஓடும் பஸ் ஒன்றுதான் அந்தப் போர்க்காலத்தில். அது போய்விட்டிருந்தது. புளி மூட்டைகளை இறக்கிப்போட்டு அதே வண்டியில் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். காலையிலிருந்து என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையில் இருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குள் மூளை போய்விட்டது என்று கம்பவுண்டரிடம் மெதுவாகச் சொன்னார்.

தம்பி கண் விழிக்காமல் மூன்றாம் நாள் காலை ஏழே காலுக்கு இறந்தான். அவன் பாதத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைவோடு இருந்தபோது அவன் அதைத் தொட விட்டதில்லை.

அவன் மனைவி பதினாறாம் நாள் தன் தாய்வீடான பென்னாகரத்துக்குப் போனாள். போகும்போது மெஷினைத் துணியால் மூடிக் கட்டினாள். என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "வெல்லக்கட்டி இன்னும் அந்த மாடத்துலதான் இருக்குதுங்க மாமா." எறும்பு மொய்த்திருந்தது. நான் எடுக்கவில்லை.

பிறகு படிக்கக் கிடைத்த வைத்திய நூல்களை எல்லாம் படித்தேன். இந்த இரண்டு மயக்கங்களும் பார்வைக்கு எவ்வளவு ஒத்திருக்கும் என்பது இப்போது தெரியும். அதனால் ஒன்றும் மாறவில்லை. கஞ்சாவால் வந்த பசிக்குக் கூட்டிய ஊசி, கஞ்சா நின்று பசியும் நின்ற பிறகு அவனைக் கொன்றது என்று நோட்டின் நான்கு நாட்களை வைத்துக் கணக்குப் போடுகிறேன். அது சரியென்றால், என் சொல்லை மதித்து அவன் விட்டதால்தான் செத்தான். அவன் விடவில்லை என்றால், நான் கோபப்பட்டதற்காவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

தான் அந்த வாரம் எதுவும் கொடுக்கவில்லை என்று வண்டிக்காரர் ஒரு முறை சொன்னார். கொடுத்ததாக நினைவு என்று மறுமுறை சொன்னார். 1945இல் அவரும் இறந்துவிட்டார். மெஷின் இழுப்பறையில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முன்பு எவ்வளவு இருந்தது என்பதை நான் எழுதிவைக்கவில்லை. 1942 ஐப்பசியில் அந்தப் பகல் என் தம்பி கஞ்சா புகைத்திருந்தானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.